பத்தியம் இல்லாத மாத்திரை உண்டா?

ரங்கூன் தமிழர்கள் மருந்து வாங்க வந்தால் விலைக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "தம்பி, இதுக்குப் பத்தியம் உண்டா?" வயதானவர்கள் என்றால் நிச்சயம் வரும். நாட்டு வைத்தியத்தோடு ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்த கேள்வி அது. சூரணமோ லேகியமோ, வைத்தியர் பொட்டலத்தைக் கையில் தருவதற்குள் புளியைத் தள்ளு, கத்தரிக்காயைத் தள்ளு, அகத்திக்கீரை பக்கமே போகாதே என்று ஒரு பட்டியலையும் சேர்த்துக் கட்டிவிடுவார். அந்தப் பழக்கத்தில் கேட்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் பையன்கள் சிரித்துக்கொண்டே, "இங்கிலீஷ் மருந்துக்கெல்லாம் பத்தியம் கிடையாது பெரியம்மா, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, அவ்வளவுதான்" என்பார்கள்.

நான் மருந்துக்கடையில் நிற்பவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பதில் தப்பு என்று சொல்லும் அளவுக்கு விளக்கத்தாள்களை உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். பெரியம்மாவின் கேள்விதான் சரி. இங்கிலீஷ் மருந்துக்கும் பத்தியம் இருக்கிறது. சூடு, குளிர்ச்சி, வாயு என்ற கணக்கில் அது வராது. மருந்துக்கு மருந்து மாறும். ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்குத் தேவைப்படும். இதைச் சொல்ல வேண்டிய காகிதம் நம் கைக்கு வருவதே இல்லை என்பதுதான் சங்கடம். இந்தியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பெட்டி பெட்டியாக வரும் மாத்திரையை இங்கே பலர் முழு அட்டையாகக்கூட வாங்குவதில்லை. நாலு, ஆறு என்று கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறோம். விளக்கத்தாள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சில சின்னக் கடைகளில் நாலு நிற மாத்திரைகளை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேளைக்கு ஓர் உறை என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாதபோது பத்தியத்தை யாரிடம் கேட்பது?

நாட்டு வைத்தியத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. மருந்தை எதில் குழைக்க வேண்டும், எதோடு இறக்க வேண்டும் என்பது. தேன், நெய், பால், வெந்நீர் என்று மருந்துக்குத் தக்கபடி மாறும். பர்மாவில் எல்லா மாத்திரைக்கும் அனுபானம் ஒன்றே ஒன்றுதான்: டீ.

இந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேசைக்கு மேசை ஒரு ஃபிளாஸ்க், சின்னக் கிண்ணங்கள். யே நுவே ஜான் என்கிற வெறும் பச்சைத் தேநீர், அதற்குக் காசு கிடையாது. வீட்டிலும் அதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கொதித்த தண்ணீர் ஆயிற்றே என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. குழாயில் வருவதை நினைத்துப் பார்த்தால் அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் மாத்திரை என்றவுடன் கை தானாக ஃபிளாஸ்க்குக்குப் போகிறது. பாதி மாத்திரைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பாராசிட்டமாலை டீயில் விழுங்கினாலும் தலைவலி போகும். மீதிப் பாதியில்தான் வினை.

முதலில் இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பிணிப் பெண்கள் மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். "ரத்தமே ஏறலை அண்ணே" என்று மறுபடி வந்து நிற்கிறார்கள். எதில் விழுங்குகிறாய் என்று கேட்டால் டீ என்கிறார்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து வயிற்றுக்குள் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட இரும்பு குடல் சுவரைத் தாண்டாது, வந்த வழியே வெளியே போய்விடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போகலாம். பச்சைத் தேநீர், பால் டீ இரண்டிலும் இந்தத் துவர்ப்பு உண்டு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம், டீயைத் தள்ளிவைத்தால் போதும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் விழுங்கினால் இன்னும் நல்லது. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். இதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் யாரும் சொல்வதில்லை. சத்து மாத்திரை வேலை செய்யவில்லை, ஊசி போட்டால்தான் சரிப்படும் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

தைராய்டு மாத்திரைக்குப் பத்தியம் இதைவிடக் கடுமை. விடிந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் கூடாது. காபியே அதைக் கெடுக்கும். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். சோயாவும் ஆகாது என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் ஓர் அத்தை ஷான் தோஃபுவைத் தொடுவதையே விட்டுவிட்டார். பாவம், ஷான் தோஃபு கடலை மாவில் செய்வது, சோயா இல்லை. விடவேண்டியது எழுந்தவுடன் ஊற்றிக்கொள்ளும் டீயை. அதை மட்டும் விடவில்லை.

காசு கொடுத்துக் குடிக்கும் டீக்கு வேறு கணக்கு. சோ செயின், ச்சா செயின் என்று இனிப்பும் கடுப்பும் பார்த்துச் சொல்லி வாங்குகிறோமே, அதில் கெட்டிப் பாலும் சுண்டிய பாலும் தாராளமாக ஊற்றுகிறார்கள். பாலின் கால்சியம் சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்து கரையாத ஒன்றாக இறுகிவிடும். டெட்ராசைக்ளின் பாலோடு போனால் பாதிக்கு மேல் வீண். சிப்ரோஃபிளாக்சசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மருந்து குறைந்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்பது அடுத்த தலைவலி. டாக்சிசைக்ளினுக்குப் பாலால் இவ்வளவு சேதமில்லை, ஆனால் அதற்கு வேறொரு பிடிவாதம் உண்டு: ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், விழுங்கியபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தேநீரில் விழுங்கிவிட்டுச் சாய்ந்துவிட்டார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிட்டது. எச்சில் விழுங்கவே ஒரு வாரம் கஷ்டப்பட்டார். நெஞ்சு வலி என்று பயந்து இதயத்துக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள்.

பச்சைத் தேநீர் பிடிப்பது இரும்பை மட்டுமல்ல. 2014இல் ஜப்பானில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 10 பேருக்கு 14 நாள் தினமும் 700 மில்லி பச்சைத் தேநீர் கொடுத்து, பிறகு நாடோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்து 85 சதவீதம் குறைந்திருந்தது. நாடோலால் இங்கே அவ்வளவாக ஓடாது. ஆனால் 700 மில்லி என்பது நம் ஆட்கள் டீக்கடையில் ஒரு அரட்டைக்குக் குடித்து முடிக்கிற அளவு என்பதால் எனக்கு அந்தக் கணக்கு மறக்கவே இல்லை.

இரும்பு, தைராய்டு, பால் சங்கதியெல்லாம் நேரத்தைத் தள்ளிவைத்தால் தீர்ந்துவிடும். பம்பளிமாஸ் அப்படியில்லை.

மௌல்மேன் பக்கத்துப் பம்பளிமாசுக்கு இந்த ஊரில் தனிப் பெயர். உறவுக்காரர்கள் யாராவது அங்கிருந்து வந்தால் மூட்டையாக வந்து இறங்கும். சுளையை உதிர்த்து, வறுத்த வெங்காயம், நிலக்கடலை, மிளகாய், கொஞ்சம் மீன் சாறு போட்டுப் பிசைந்தால் தட்டு காலியாவது தெரியாது. கொழுப்புக்கு மாத்திரை போடுகிறவர்களும் இதை 'பழம்தானே' என்று கூடுதலாகவே சாப்பிடுகிறார்கள்.

வெள்ளைக்காரர்களின் கிரேப்ஃப்ரூட் நம் பம்பளிமாசுக்கும் சாத்துக்குடி வகை ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை. அதன் குணம் தற்செயலாகத் தெரிய வந்தது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவரும் கூட இருந்தவர்களும் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாராய வாடையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. சாராயம் குற்றவாளியில்லை, சாறுதான் என்று பிறகு தெரிந்தது. 1989இல் எழுதி வெளியிட்டார்கள்.

குடல் சுவரில் ஒரு நொதி இருக்கிறது, சுங்கச்சாவடிக்காரன் மாதிரி. உள்ளே போகும் மருந்தில் பெரும்பங்கை அவன் பிடுங்கிக்கொள்வான். அவன் பிடுங்குவான் என்று தெரிந்துதான் கம்பெனிக்காரர்கள் 20 மில்லிகிராம், 40 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். இந்தப் பழங்களில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற சங்கதி அந்த நொதியையே அழித்துவிடுகிறது. சாவடியில் ஆளில்லை, சரக்கு முழுதும் ஊருக்குள் இறங்குகிறது. ஒரு மாத்திரை போட்டவருக்குப் பல மாத்திரை போட்ட கதி. உடம்பு புது நொதியைச் செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் காலையில் பழம், இரவில் மாத்திரை என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாடின் இதில் மோசமாக மாட்டும். அடோர்வாஸ்டாடின் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அளவு மீறினால் தசை வலி, முற்றினால் தசை கரைந்து சிறுநீரகம் வரை போகும். ரோசுவாஸ்டாடினும் பிரவாஸ்டாடினும் இந்த வழியாகப் போவதில்லை, அவற்றைப் போடுகிறவர்களுக்குப் பயமில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபின், நிஃபெடிபின் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். இங்கே அதிகம் ஓடும் அம்லோடிபினுக்கு ஆபத்து குறைவு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பம்பளிமாஸ் பக்கமே போகக்கூடாது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க டாக்ரோலிமஸ் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் பம்பளிமாஸ் சாப்பிட்டபின் மருந்து அளவு ஏறியதை ஜப்பானிய டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லா மரத்துப் பழமும் ஒரே மாதிரி இல்லை, ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. ஒரு தடவை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவரிடம் வாதாட இதனாலேயே முடியாது. கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம்.

இனி காய்ச்சல் கஞ்சி. நம் பத்தியம் தலைகீழாகப் போகிற இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் எண்ணெய் அடுப்படியை விட்டே போய்விடும். அரிசிக் கஞ்சி, உப்பு, தொட்டுக்கொள்ள வேண்டுமானால் சுட்ட அப்பளம். வைரஸ் காய்ச்சலுக்கு இது சரி. மலேரியாவுக்குத் தரும் ஆர்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரைக்கு இது சரியில்லை. கோஆர்டெம் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்துதான். மூன்று நாளில் ஆறு வேளை. இதில் லூமிஃபான்ட்ரின் கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் ஏறும். ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல கொழுப்புச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றைவிட 16 மடங்கு வரை மருந்து ஏறியது. அதற்காகக் காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன டம்ளர் பால், கஞ்சியில் இரண்டு கரண்டித் தேங்காய்ப்பால், இவ்வளவு கொழுப்பே பெரும்பாலும் போதும். தோட்டத்து வேலைக்கும் காட்டு வேலைக்கும் போய் மலேரியாவோடு திரும்பும் பையனுக்கு ஆயா பார்த்துப் பார்த்துக் கஞ்சித்தெளிவு ஊட்டுவார். மாத்திரை ஆறு வேளையும் போட்டும் காய்ச்சல் திரும்பி வந்தால் 'போலி மருந்து' என்று கடைக்காரனைத் திட்டுவார். போலி மருந்தும் இந்தப் பக்கம் வந்ததுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியும் அதன்மேல் போடுவதற்கில்லை.

மழைக்காலத்துப் படர்தாமரைக்கு கிரிசியோஃபல்வின் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் பலன். அரிப்புக்குப் பத்தியம் என்று நெய்யை நிறுத்திவிட்டு அந்த மாத்திரையைப் போடுவது காசைக் கரைப்பது.

காசநோய் மாத்திரைக்கோ வயிறு காலியாக இருக்க வேண்டும். காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் மியான்மரும் இருக்கிறது, எங்கள் தெருவிலும் ஒளித்து ஒளித்து மாத்திரை போடுகிற குடும்பங்கள் உண்டு. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டும் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ போனால்தான் நன்றாக ஏறும். குமட்டல் தாங்காதவர்களுக்கு லேசாக ஏதாவது சாப்பிட்டுப் போடச் சொல்வார்கள். மாத்திரையை நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். ஐசோனியசிட் போடுகிற சிலருக்கு ஒருவித மீன் சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை இடிக்கும். சூரை மீனில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஐஸ் சரியாகப் போடாத மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாதாரணமாக உடம்பு அதை உடைத்துவிடும், இந்த மாத்திரை அந்த உடைக்கும் வேலையைத் தடுக்கிறது. மீன் ஒவ்வாமை என்று நினைத்து மீனை விடுகிறவர்கள் பரவாயில்லை. மாத்திரைதான் ஆகவில்லை என்று மாத்திரையை விடுகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

சாதாரண மருந்துக்கு மசியாத காசநோய்க்கு லினசோலிட் என்று ஒரு மருந்து தருகிறார்கள். அதைப் போடும்போது நாட்பட்டுப் புளித்த பண்டங்களில் கவனம் வேண்டும். அவற்றில் சேரும் டைரமினை உடைக்கிற நொதியை லினசோலிட் ஓரளவு முடக்குவதால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். வெளிநாட்டுத் தாள்களில் பழைய சீஸ், ஒயின் என்று எழுதியிருக்கும். சீஸை நாம் எங்கே பார்த்தோம்? நம் தட்டில் அந்த இடத்தில் இருப்பது ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுதும் ஷான் நாட்டுப் புளித்த சோயா வில்லையும். ருசிக்கு ஒரு துளி ஙாப்பி வேறு, கிண்ணம் நிறையக் கரைத்துப் பச்சைக் காய்களைத் தொட்டுத் தின்பது வேறு. சிகிச்சை தருகிற டாக்டரிடம் சீஸைப் பற்றிக் கேட்காதீர்கள், ஙாப்பியைப் பற்றிக் கேளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் கீரையை அடியோடு விடவேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. விடவேண்டாம், அளவை மாற்றாமல் இருந்தால் போதும். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிர்வேலை செய்யும். வழக்கமாகச் சாப்பிடும் கீரையோடு சேர்த்துத்தான் டாக்டர் ரத்தம் பார்த்து மாத்திரை அளவை நிறுத்துகிறார். ஒரு வாரம் தினமும் புளிச்சகீரையும் கசூன் கீரையும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். தேயிலையிலும் வைட்டமின் கே உண்டு. வடிகட்டிக் குடிக்கும் டீயில் அது இறங்குவது சொற்பம். லப்பேத்தோ என்கிற ஊறிய தேயிலைக் கலவையில் நாம் இலையையே தின்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. சோலியா பள்ளிவாசலுக்குப் போகும் தமிழ் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ரமலானுக்கு முன்பே சர்க்கரை டாக்டரைப் பார்த்து, சஹருக்கு எது, இஃப்தாருக்கு எது என்று மாத்திரையை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நம் ஆட்கள் கந்த சஷ்டிக்கு முன் டாக்டரிடம் போய் நான் பார்த்ததில்லை. 'ஆறு நாள்தானே, முருகன் பார்த்துக்குவான்.' பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு கிளிபென்கிளமைடை வழக்கம்போல விழுங்குவார்கள். அந்த மாத்திரை, சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைக் கொட்டவைக்கும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல், கோயில் கூட்டத்தில் மயக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசுவார்கள். வேண்டியது சர்க்கரைத் தண்ணீர், உடனே. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. தானாகவே மாத்திரையை நிறுத்துவதும் தப்புதான். தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் கட்டுவதற்கு முந்தின வாரமே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் எனலாபிரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். இவற்றைப் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் இளநீரை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். உப்புக்குப் பதிலாக விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பிலும் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள்.

கடைசியாக வெற்றிலை. இந்த ஊரில் அதைச் சாப்பாட்டிலும் சேர்ப்பதில்லை, மருந்திலும் சேர்ப்பதில்லை. கேட்டால் 'நான் ஒண்ணும் சாப்பிடலையே' என்றுதான் பதில் வரும், வாய் நிறைய குன்யாவோடு. பாக்கிலிருக்கும் அரெகோலின் மனநோய் மருந்துகளோடு முரண்பட்டு உடம்பை விறைக்கவும் நடுங்கவும் வைத்ததாகப் பதிவுகள் உண்டு. ஆஸ்துமாவுக்கும் ஆகாது. ஓயாமல் மெல்கிறவர்களுக்குச் சுண்ணாம்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தால் எங்கள் வாடிக்கைப் பெரியவர் ஒருவர் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து கேட்பார்: "சரி தம்பி, இந்த மாத்திரையை டீயோட போடலாம்ல?"